ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை, விடவில்லை, நிற்கவில்லை: டெல்டாவில் ஓடும் ஜீப், பிக்கப் வண்டிகளுக்கு

டெல்டா சமதரை. அதனால் ஹேண்ட் பிரேக் போனது பல மாதம் தெரியாமலே வண்டி ஓடும். கடைத்தெருவில் கியரில் போட்டு நிறுத்துகிறோம், வண்டி நிற்கிறது. குட்டு உடைவது ஆற்றுக்கரைச் சரிவில்தான். வெண்ணாற்றுக் கரையிலோ கொள்ளிடக் கரையிலோ மூட்டை இறக்க நிறுத்திய பிக்கப் மெல்லப் பின்னால் ஊரும். பின்னால் இருப்பது தண்ணீர்.

இங்கே சொல்வது பின் சக்கரங்களில் டிரம் பிரேக்கும் (சக்கரத்தோடு சுற்றும் டிரம்மை உள்ளிருந்து ஷூ என்ற வளைந்த தகடுகள் அழுத்திப் பிடிப்பது), இழுக்கிற லீவரும், கேபிளும் உள்ள வண்டிகளுக்கு: பொலிரோ வகை ஜீப், பிக்கப், சிறு சரக்கு வண்டிகள். பழைய வில்லிஸ் வகை ஜீப்புக்கும் டிராக்டருக்கும் கடைசியில் தனியாக இருக்கிறது. சுவிட்ச் அழுத்திப் போடுகிற எலக்ட்ரானிக் பிரேக்கை நீங்களே பிரிக்க வேண்டாம், அது ஸ்கேனர் வைத்திருப்பவர் வேலை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை என்றதும் எல்லாரும் கை வைக்கிற இடம் கேபிள் நட்டு. அதுதான் கடைசியாகத் தொட வேண்டிய இடம். ஏன் என்பது முதல் அறிகுறியிலேயே வரும்.

வண்டிக்குக் கீழே போகும் முன்

முன் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் மரக்கட்டை முட்டுக் கொடுங்கள். செங்கல் வேண்டாம், எடை ஏறினால் நொறுங்கும். ஈரத் தரையில் ஜாக்கி இறங்கும். அடியில் ஒன்றரை அங்குலப் பலகை, குறைந்தது ஒரு அடிக்கு ஒரு அடி. தூக்கியபின் ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுக்காமல் கையையோ தலையையோ உள்ளே விடாதீர்கள்.

கியரில் போட்டிருக்கிறேன், நகராது என்று நம்பி ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்குவார்கள். தூக்கிய சக்கரம் சும்மா சுற்றும், டிஃபரன்ஷியல் (இரண்டு பின் சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பல் சக்கரப் பெட்டி) அதற்கு வழிவிடும், தரையில் இருக்கும் சக்கரம் உருண்டு வண்டி ஜாக்கியிலிருந்து விழும். கியர் பிடிப்பது இரண்டு பின் சக்கரமும் தரையில் இருக்கும்போது மட்டும். ஃபோர் வீல் வண்டியில் இன்னொன்று: டிரான்ஸ்ஃபர் லீவர் (டூ வீல், ஃபோர் வீல் மாற்றுகிற லீவர்) நியூட்ரலில் இருந்தால் எந்த கியரில் போட்டாலும் சக்கரம் பூட்டாது.

டிரம்மைத் திறந்தால் உள்ளே கருப்புத் தூசி இருக்கும். காற்றடித்து ஊதாதீர்கள், வாயாலும் ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் (ஷூவின் மேல் உள்ள உராய்வுப் பட்டை) ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தண்ணீரில் நனைத்துத் துடையுங்கள், அல்லது பிரேக் கிளீனர் அடியுங்கள்.

அறிகுறி 1: லீவர் ரொம்ப மேலே வருகிறது, வண்டி நிற்கவில்லை

முதலில் எண்ணுங்கள். லீவரைக் கீழிருந்து மெதுவாக இழுத்து எத்தனை கிளிக் என்று பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் 5 முதல் 8 கிளிக்குக்குள் பிடித்துவிட வேண்டும். உங்கள் வண்டிக்கான சரியான எண் வண்டிப் புத்தகத்தில் இருக்கும். பத்து, பன்னிரண்டு என்று போனால் கீழே படுத்துப் பார்க்கும் வேலை இருக்கிறது.

ஒருவர் லீவரை இழுக்கட்டும், நீங்கள் அடியில் ஈகுவலைசரைப் பாருங்கள். லீவரிலிருந்து வரும் ஒரு கேபிளை இடது, வலது என இரண்டாகப் பிரிக்கிற தட்டு அது. மூன்றில் ஒன்று தெரியும்:

*லீவர் நகர்கிறது, தட்டு நகரவே இல்லை* என்றால் முன் கேபிள் அறுந்திருக்கிறது அல்லது கொக்கி கழன்றிருக்கிறது. அறிகுறி 5-க்குப் போங்கள்.

*தட்டு ஒரு பக்கம் சாய்கிறது* என்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை. அதிகம் நகர்கிற பக்கத்தில் ஷூ தூரமாக இருக்கிறது, அல்லது நகராத பக்கத்தில் கேபிள் இறுகிவிட்டது. கேபிள் இறுகியது அறிகுறி 3-இல்.

*தட்டு நேராக, ஆனால் ரொம்ப தூரம் போகிறது* என்றால் இரண்டு பக்கமும் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிவிட்டது. பெரும்பாலான வண்டி இந்த ரகம்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த மூன்றாவது நிலையில் கேபிளை முறுக்கினால் என்ன ஆகும்? கிளிக் குறையும், லீவர் டைட்டாகத் தெரியும், ஒரு வாரம் பிடிக்கும். ஆனால் டிரம்முக்குள் கேபிள் இழுக்கிற சின்ன லீவர் ஒன்று இருக்கிறது. கை லீவர் இறங்கியிருக்கும்போது அந்தச் சின்ன லீவர் தன் நிறுத்தத்தில் போய் உட்கார வேண்டும். கேபிள் முறுக்கப்பட்டால் அது உட்காராது. உட்காராவிட்டால் தானியங்கி அட்ஜஸ்டர் (லைனிங் தேய்வதற்கேற்ப ஷூவை டிரம்முக்கு நெருக்கும் பாகம்) வேலை செய்யாது. லைனிங் தேயத் தேய இடைவெளி கூடும், கால் பிரேக்கும் ஆழமாக இறங்கும், மறுபடி கேபிளை முறுக்கத் தோன்றும். நட்டில் மரை முடிகிற வரை இந்தச் சுற்று ஓடும். மரை முழுக்க ஏறி, நட்டு நுனியில் நிற்கிற வண்டியைப் பார்த்தாலே கதை புரிந்துவிடும்.

சரியான வரிசை இது:

1. லீவரை முழுக்க இறக்குங்கள். இரண்டு பின் சக்கரமும் மேலே இருக்க வேண்டும்.
2. கேபிள் லாக் நட்டைத் தளர்த்தி, கேபிளை நன்றாகத் தொளதொளவென்று விடுங்கள்.
3. பேக் பிளேட்டின் (ஷூவைத் தாங்கும், டிரம்மை உள்பக்கம் மூடும் தகடு) பின்புறம் ஒரு ரப்பர் மூடி இருக்கும். எடுத்தால் ஓட்டை வழியாக அட்ஜஸ்டரின் பல் சக்கரம் தெரியும். டெல்டா வண்டியில் பெரும்பாலும் மூடி இருக்காது, ஓட்டை நிறையச் சேறு இருக்கும். குத்தி உள்ளே தள்ளாதீர்கள், டிரம்மைக் கழற்றி வெளியே எடுங்கள்.
4. தட்டையான ஸ்க்ரூ டிரைவரால் பல் பல்லாகத் தள்ளுங்கள். சக்கரம் கையால் சுற்ற முடியாமல் இறுகும் வரை போய், பிறகு சக்கரம் விடுபட்டு லேசாக உரசும் சத்தம் மட்டும் கேட்கும் வரை திருப்புங்கள். தானியங்கி அட்ஜஸ்டர் இருந்தால் திருப்பும்போது அதன் நாக்கை இன்னொரு டிரைவரால் விலக்கிப் பிடிக்க வேண்டும்.
5. கால் பிரேக்கை ஏழெட்டு முறை அழுத்தி விடுங்கள். ஷூ நடுவுக்கு வரும். மறுபடி சுற்றிப் பாருங்கள்.
6. இப்போது கேபிள். இரண்டாவது, மூன்றாவது கிளிக்கில் சக்கரம் லேசாக இழுக்க ஆரம்பித்து, புத்தகத்தில் சொன்ன கிளிக்கில் கையால் சுற்ற முடியாமல் பூட்ட வேண்டும். லீவர் இறங்கியதும் இரண்டு சக்கரமும் சும்மா சுற்ற வேண்டும். பிறகு லாக் நட்டை இறுக்குங்கள்.

பல் சக்கரம் அசையவே இல்லை என்றால் மண் இறுகி, துரு ஏறியிருக்கிறது. நம் களிமண் காய்ந்தால் சிமெண்டுதான். டிரம்மைக் கழற்றி அட்ஜஸ்டரை வெளியே எடுத்து, டீசலில் ஊறவைத்து, கம்பி பிரஷ்ஷால் மரையைத் தேய்த்து, டீசலைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, சூடு தாங்கும் கிரீஸ் துளி வைத்து மாட்டுங்கள். ஒரு பக்கத்தை முடித்தபிறகே மறுபக்கத்தைப் பிரியுங்கள். பிரிக்காத பக்கம் உங்களுக்கு மாதிரிப் படம். தவிர, இந்த வகையில் இடது, வலது அட்ஜஸ்டர் மரை எதிரெதிராக இருக்கும், மாற்றி மாட்டினால் ஷூ நெருங்குவதற்குப் பதில் விலகும்.

டிரம் திறந்திருக்கும்போதே லைனிங்கை அளந்துவிடுங்கள். ஒட்டிய லைனிங் 2 மி.மீ.க்குக் கீழே போயிருந்தாலோ, ரிவெட் அடித்ததில் ரிவெட் தலைக்கு மேல் 1 மி.மீ. கூட மிச்சம் இல்லை என்றாலோ நான்கு ஷூவையும் சேர்த்து மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றிக் காசு மிச்சம் பிடித்தால் மழையில் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

*பட்டறைக்குப் போக வேண்டிய இடம்:* டிரம்மின் உள்ளே விரல் ஓட்டினால் விளிம்பில் படி தடுக்கிறது, அல்லது ஆழமான கோடுகள் விழுந்திருக்கின்றன. டிரம்மிலேயே அதிகபட்ச விட்டம் வார்த்து எழுதியிருக்கும். அதற்குள் இருந்தால் லேத்தில் கடைசல் பிடிக்கலாம், தாண்டினால் புதிது. "ஒரு தடவை தாங்கும்" என்று அளவு தாண்டிக் கடைந்து தருகிறவர்களும் உண்டு. மெலிந்த டிரம் சூட்டில் விரியும், வெடிக்கும்.

அறிகுறி 2: கிளிக் சரியாக இருக்கிறது, லீவர் இறுக்கமாக இருக்கிறது, ஆனாலும் வண்டி நழுவுகிறது

கேபிள் நன்றாக இருக்கிறது, ஷூ டிரம்மைத் தொடுகிறது, பிடிமானம் மட்டும் இல்லை. நடுவில் ஏதோ இருக்கிறது.

தண்ணீர். வாய்க்காலில் இறங்கி ஏறியபின், வாட்டர் சர்வீஸ் முடிந்தவுடன், இது சகஜம். முதல் கியரில் ஊர்ந்தபடி கால் பிரேக்கை லேசாக அழுத்தி 200, 300 மீட்டர் போனால் உலர்ந்துவிடும். உலர்ந்ததும் சரியானால் பிரச்சினை முடிந்தது.

சேறு. தொளி உழவு நடக்கும் வயல் ஓரம் இறங்கிய வண்டியில் டிரம்முக்குள் குழம்பாகப் போய், லைனிங்கும் டிரம்மும் சேர்ந்து அரைபடும். ஓட்டும்போது கரகரவென்று சத்தம் வந்தால் அதுதான். திறந்து, கழுவி, உப்புத்தாளால் லைனிங்கின் பளபளப்பை எடுத்து மூடுங்கள். ஒரு குறுவை, ஒரு சம்பா முடிந்தால் எப்படியும் இதைச் செய்துவிடுவது நல்லது.

எண்ணெய். டிரம்மின் உள்பக்கமோ டயரின் உள்பக்கமோ ஈரமாக இருந்தால் எந்த எண்ணெய் என்று பாருங்கள். விரலில் தொட்டுத் தண்ணீரில் காட்டுங்கள். பிசுபிசுப்புக் குறைவாக, தண்ணீரில் கரைந்து போனால் பிரேக் ஃப்ளூயிட்: வீல் சிலிண்டர் (கால் பிரேக்கில் ஷூவைத் தள்ளுவது) ஒழுகுகிறது. கெட்டியாக, அழுகிய முட்டை மாதிரி நெடியடித்து, கழுவியும் கையை விட்டுப் போகாவிட்டால் கிரவுன் ஆயில் (ஆக்சில் பல் சக்கரங்களுக்கான எண்ணெய்): ஆக்சில் ஆயில் சீல் போய்விட்டது.

சீலை மாற்றும் முன் ஆக்சில் மேலே இருக்கும் பிரீத்தரைப் பாருங்கள். சுண்டு விரல் அளவு மூடி, அல்லது மேலே ஏறிப்போகும் ஒரு சின்ன ரப்பர் குழாய். அது சேற்றால் அடைபட்டால் ஓடிச் சூடான ஆக்சிலுக்குள் காற்று விரிந்து, வெளியேற வழியில்லாமல் எண்ணெயை சீல் வழியாகத் தள்ளும். அதே சூட்டோடு வாய்க்காலில் இறக்கினால் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகவே தண்ணீரை உறிஞ்சும். கிரவுன் ஆயில் பால் காபி நிறத்தில் வந்தால் இதுதான் நடந்திருக்கிறது. பிரீத்தரைச் சுத்தம் செய்யாமல் சீலை மட்டும் மாற்றினால் அடுத்த நடவுக்குள் மறுபடி ஒழுகும்.

எண்ணெய் குடித்த ஷூவைக் காப்பாற்ற முடியாது. பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தி "எண்ணெயை எரிப்பது" ஊர் வழக்கம். மேலாக எரியும், உள்ளே ஊறியது சூடானதும் மறுபடி மேலே வரும். நான்கு ஷூவும் புதிது போடுங்கள்.

*பட்டறைக்கு:* வீல் சிலிண்டர் மாற்றினால் பிரேக் குழாயிலிருந்து காற்று எடுக்க வேண்டும். ஆக்சிலைப் பிடுங்கி சீல் போட வேண்டுமென்றால் பேரிங் அழுத்த பிரஸ் வேண்டியிருக்கும். இரண்டும் வீட்டு வாசலில் செய்கிற வேலை இல்லை.

அறிகுறி 3: லீவர் இறங்கிவிட்டது, சக்கரம் விடவில்லை

ஐப்பசி, கார்த்திகையில் அதிகம். லீவரைப் போட்டு நிறுத்திய வண்டி நாலு நாள் மழையில் நின்றிருக்கும். எடுக்கப் போனால் பின் சக்கரம் உருளாமல் இழுபடும், அல்லது "டக்" என்று ஒரு சத்தத்தோடு விடும்.

முதலில் எது பிடித்திருக்கிறது என்று பிரியுங்கள். அடியில் போய்ப் பின் கேபிளைக் கையால் அசைத்துப் பாருங்கள்.

*கேபிள் தொளதொளவென்று இருக்கிறது, சக்கரம் மட்டும் இறுகியிருக்கிறது:* ஷூ டிரம்மோடு துரு பிடித்து ஒட்டியிருக்கிறது. ஆக்சிலரேட்டரைப் போட்டு இழுத்தால் லைனிங் ஷூவை விட்டு உரிந்துவிடும். முதல் கியரிலும் ரிவர்சிலும் மாறி மாறி, க்ளட்சை லேசாக விட்டு ஒரு கை அளவு முன்னும் பின்னும் ஆட்டுங்கள். விடவில்லையா, எஞ்சினை அணைத்து, முட்டுக் கொடுத்து, சக்கரத்தைக் கழற்றி, டிரம்மின் விளிம்பைச் சுற்றிலும் மரச்சுத்தியால் தட்டுங்கள். பல டிரம்களின் முகத்தில் மரை போட்ட இரண்டு ஓட்டை இருக்கும், பெரும்பாலும் 8 எம்எம் போல்ட்டுக்கு. இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றி அரைச் சுற்று முறுக்கினால் டிரம் தானாக வெளியே வரும். ஒன்றை மட்டும் முறுக்கினால் டிரம் கோணி உடையும்.

*கேபிள் விறைப்பாக இருக்கிறது:* உறைக்குள் கம்பி இறுகியிருக்கிறது. உறையின் முனையிலிருக்கும் ரப்பர் மூடியைப் பாருங்கள். எலி கடித்திருக்கும், அல்லது விரிந்திருக்கும், அது வழியாகத் தண்ணீரும் வண்டலும் போயிருக்கும். தை, மாசி அறுவடைக்குப் பின் இன்னொரு வேலையும் சேரும்: வயலுக்குள் போன வண்டியில் வைக்கோல் ஆக்சிலோடு சுற்றி, கேபிளையும் சேர்த்து முறுக்கி இழுத்திருக்கும். அரிவாளால் அறுத்தால் கேபிள் உறையும் அறுபடும். கையால் பிரித்து எடுங்கள்.

வைக்கோல் இல்லாமலே விறைப்பு என்றால் கேபிளைக் கழற்றிக் கையில் வைத்து இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். தடுக்கித் தடுக்கி வந்தால் மாற்றுவதுதான் வழி. கழிவு ஆயில் ஊற்றினால் ஒரு வாரம் ஓடும், பிறகு அதே ஆயில் தூசியைச் சேர்த்துப் பசையாக்கும். நாகை, வேதாரண்யம் பக்கம் உப்பளத்துக்குப் போய்வரும் வண்டிகளில் உறைக்குள் இரும்பே பொரிந்து போயிருக்கும், எதை ஊற்றியும் பயனில்லை. இடது, வலது இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள். நீளம் மாறுபடலாம், பழையதைக் கடைக்குக் கையோடு எடுத்துப் போங்கள்.

*கேபிளும் சரி, டிரம்மும் ஒட்டவில்லை, ஓட ஓட இறுகுகிறது:* உள்ளே திரும்பு ஸ்பிரிங் உடைந்திருக்கலாம், அல்லது யாரோ கேபிளை முறுக்கி வைத்திருக்கிறார்கள். 5 கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி டிரம்மில் தண்ணீர் தெளியுங்கள், கை வைக்க வேண்டாம். ஒரு பக்கம் சுர்ரென்று ஆவி வந்து மறுபக்கம் வராவிட்டால் குற்றவாளி எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

மழைக்காலத்தில் ராத்திரி நிறுத்தும்போது, தரை சமமாக இருந்தால், கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை இறக்கியே விடுங்கள். சரிவில் மட்டும் லீவர்.

*பட்டறைக்கு:* டிரம் நிறம் நீலம் பாய்ந்திருந்தால், கருகிய நெடி வந்தால், ஓட்டிப் போகாதீர்கள். சூட்டில் ஹப் கிரீஸும் சீலும் போயிருக்கும்.

அறிகுறி 4: லீவர் மேலே நிற்காமல் தானாக இறங்குகிறது

லீவர் அடியிலுள்ள பல் தேய்ந்திருக்கிறது அல்லது பல்லில் விழும் நாக்கு சரியாக விழவில்லை. முதலில் ரப்பர் உறையைத் தூக்கி உள்ளே பாருங்கள்: காய்ந்த மண், நெல் உமி, சில்லறைக் காசு. சுத்தம் செய்து, பட்டனை அழுத்தி விட்டால் ஸ்பிரிங் அதைத் திருப்பித் தள்ளுகிறதா என்று பாருங்கள். அப்படியும் இறங்கினால் லீவரை முழுசாக மாற்றுங்கள். தேய்ந்த பல்லை அரம் போட்டுக் கூர்மையாக்கித் தருவார்கள். வேண்டாம், நாளைக்கு யாராவது வண்டியில் ஏறி இறங்குகிற குலுக்கலில் நழுவும். மாற்றும்வரை கட்டை இல்லாமல் எங்கும் நிறுத்தாதீர்கள்.

அறிகுறி 5: லீவர் எடையே இல்லாமல் வருகிறது

கேபிள் அறுந்தது, அல்லது கொக்கியில் மாட்டும் பின் கழன்றது. பின் கழன்றிருந்தால் புது காட்டர் பின் போட்டு மாட்டுங்கள், ஆணியை வளைத்து மாட்டாதீர்கள். அறுந்த கேபிளை முடிச்சுப் போடவும் கிளாம்ப் போடவும் கூடாது.

அறிகுறி 6: லீவர் இறங்கியும் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு

லீவர் அடியில் ஒரு சின்ன சுவிட்ச். கையால் அழுத்தி விளக்கு அணைந்தால் சுவிட்சோ அதைத் தொடும் தகடோதான். அணையவில்லை என்றால் சுவிட்சைக் குறை சொல்லும் முன் பானெட்டைத் திறந்து பிரேக் ஃப்ளூயிட் டப்பாவைப் பாருங்கள். பல வண்டிகளில் அதே விளக்குதான் ஃப்ளூயிட் குறைந்ததையும் காட்டும். ஊற்றி நிரப்பினால் விளக்கு அணையும், காரணம் அணையாது: லைனிங் தேய்ந்திருக்கிறது, அல்லது எங்கோ ஒழுகுகிறது. ஒழுகினால் அந்த இடத்திலிருந்தே மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். போவது ஹேண்ட் பிரேக் அல்ல, கால் பிரேக்.

பழைய ஜீப்

வில்லிஸ் வகையில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் ஒரே ஒரு டிரம், பிடிப்பது ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை. எனவே ஒரு பின் சக்கரத்தைத் தூக்கினால் லீவர் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் வண்டி உருளும். ஓடும்போது இழுத்தால் ஷாஃப்டும் யுனிவர்சல் ஜாயின்டும் அடி வாங்கும். இதில் பிடிக்காததற்கு முதல் காரணம் பெரும்பாலும் டிரான்ஸ்ஃபர் கேஸ் சீல் ஒழுகி டிரம்முக்குள் எண்ணெய் போனது. சீலை மாற்றாமல் ஷூ போடுவது வீண் செலவு.

டிராக்டர்

பெரும்பாலான டிராக்டரில் தனி ஹேண்ட் பிரேக் கிடையாது. கால் பிரேக்கை அழுத்தி ஒரு கொண்டியால் பூட்டுகிறோம். வயலில் திருப்புவதற்காக இடது, வலது பெடலைப் பிரித்துவிட்டு, கரையேறும்போது சேர்க்க மறந்தால், கொண்டி ஒரு பெடலை மட்டும் பூட்டும், ஒரு சக்கரம் மட்டும் நிற்கும், சரிவில் டிரெய்லரோடு டிராக்டர் வட்டமடித்து இறங்கும். "பிரேக் பிடிக்கல" என்று வரும் டிராக்டரில் முதலில் அந்த இணைப்புத் தகட்டைப் பாருங்கள். அடுத்து இரண்டு பெடலின் விளையாட்டும் (பிடிக்கும் முன் சும்மா இறங்கும் தூரம்) சமமாக இருக்கிறதா. சமமாக இல்லை என்றால் கம்பி நட்டில் சரிசெய்யலாம். கொண்டிப் பல் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். எண்ணெயில் மூழ்கிய டிஸ்க் பிரேக் வகையில் சரிசெய்தும் பிடிக்கவில்லை என்றால் உள்ளே டிஸ்க் தேய்ந்திருக்கிறது. ஹவுசிங்கைப் பிரிக்கும் வேலை, கம்பெனி பட்டறைக்கு.

வேலை முடிந்ததும்

சமதரையில் சோதிக்க: முன்னால் ஆளில்லாத இடத்தில், டூ வீல் டிரைவில், லீவரை இழுத்து, முதல் கியரில் க்ளட்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் திணறி நிற்க வேண்டும். திணறாமல் வண்டி நகர்ந்தால் மறுபடி அறிகுறி 1. பழைய ஜீப்பில் இந்தச் சோதனை வேண்டாம், இரண்டு பேர் தள்ளிப் பார்த்தால் போதும். அதன்பின் பாலம் ஏறும் சரிவில், பின் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளிக் கட்டையைப் போட்டு, ஏற்றத்தைப் பார்த்து ஒரு முறை, இறக்கத்தைப் பார்த்து ஒரு முறை (அப்போது கட்டை முன் சக்கரத்துக்கு முன்னால்). புது ஷூ என்றால் டிரம்மோடு படிய 200, 300 கிலோமீட்டர் ஓட வேண்டும். அது ஓடியதும் கிளிக்கை மறுபடி எண்ணி, கூடியிருந்தால் பல் சக்கரத்தில் சரிசெய்யுங்கள், கேபிளில் அல்ல.